துடைத்துவிட்டு எடை போடவும்

டிசம்பர் 4

எதற்கெடுத்தாலும் வாதாடும் என் அன்புத் தங்கை வக்கீலம்மாவுக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். போன மாதம் உன்னைப் பிடித்த இருமல் விட்டதா, இல்லை ஆய்வுக்கூடத்து மருந்து நெடிக்கு இன்னும் குரைத்துக்கொண்டுதான் இருக்கிறாயா?

பண்ணையில் ஒரு கெட்ட சேதி. தாய்த்தொட்டியில் பஞ்சு பிடித்துவிட்டது. முட்டைக்காக வைத்திருந்த நாற்பது மீனில் பதினொன்று போயிற்று. உடம்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய மாதிரி முளைக்கிறது, மீன் தண்ணீர் வரும் குழாய்ப் பக்கம் வந்து அசையாமல் நிற்கிறது, தொட்டால்கூட ஓடுவதில்லை, ஒருநாள் புரண்டுவிடுகிறது.

குஞ்சு தரம்பிரிக்கும் நம் சல்லடை அக்கா வலையை மருந்தில் முக்காமல் தாய்த்தொட்டியில் இறக்கியிருக்கிறாள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். பண்ணை சங்கத்தின் சொத்து, நான் மேற்பார்வை பார்க்கிறவன், வேறு வழியில்லை. மார்ச்சில் சங்கம் கூடி விசாரிக்கும். அப்போது காட்ட உன் ஆய்வுக்கூடத்துத் தாளில் இரண்டு வரி வேண்டும்: இது வலையால் தொற்றிய பூஞ்சை என்று. செத்த மீன் இரண்டைப் பார்மலின் ஜாடியில் போட்டு பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


டிசம்பர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, கோபம் வந்திருக்கிறது. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். போன் செய்யாதே. போனில் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்பாய். எழுது.

முதலில் மீதி மீனைக் காப்பாற்று. ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ கல்லுப்பு, தனியே கரைத்து மெதுவாக விடு. ஏன் என்று கேட்பாய். நன்னீர் மீனின் உடம்பு அது நீந்தும் தண்ணீரைவிட உப்பானது. தண்ணீர் எந்நேரமும் உள்ளே புகப் பார்க்கிறது, உப்பு எந்நேரமும் வெளியே நழுவப் பார்க்கிறது. இரண்டையும் தடுத்து நிற்பது தோலும் அதன்மேல் இருக்கும் வழவழப்பும்தான். அதையும் மீறி உள்ளே வருவதைச் சிறுநீரகம் ஓயாமல் இறைத்துக் கொட்டுகிறது. வெளியே போன உப்பைச் செவுள் தண்ணீரிலிருந்து ஒவ்வொரு துகளாகப் பொறுக்கி எடுக்கிறது. பஞ்சு தோலைத் துளைத்ததும் இந்த ஏற்பாடு உடைகிறது. இரத்தம் நீர்த்துப்போகிறது. மீனைப் பூஞ்சை தின்று முடிப்பதற்கு முன்பே தண்ணீர் கொன்றுவிடுகிறது. வெளியே கொஞ்சம் உப்பு இருந்தால் உள்ளிருந்து போவது குறையும். பிழைக்க அவகாசம் கிடைக்கும்.

இனி உன் இரண்டு வரி. எழுதமாட்டேன். இந்தப் பூஞ்சையின் வித்து உன் ஓடையில் இருக்கிறது, என் வீட்டுக் குடிநீர்த் தொட்டியிலும் இருக்கும். அதை யாரும் வலையில் சுமந்து வர வேண்டியதில்லை. வழவழப்பு முழுசாக உள்ள மீனில் அது ஒட்டாது. ஆகவே யார் கொண்டுவந்தது என்று கேட்காதே. தோல் எப்படிப் போயிற்று என்று கேள். பஞ்சு தெரிவதற்கு முந்தின வாரம் அந்தத் தொட்டியில் என்ன நடந்தது?

இன்னொன்று. 'இறக்கியிருக்கிறாள்', 'அவளை' என்று எழுதுகிறாய். பதினாலு வருஷமாக நம் வீட்டில் அந்த அக்கா 'அவங்க'. தரம்பிரிக்கும் சல்லடையை வேறு யார் பிடித்தாலும் குஞ்சு நசுங்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். பழி போட்டதும் மரியாதையையும் பிடுங்கிவிட்டாயா?

மூன்று வகை மீனிலிருந்து இரத்தம் எடுத்து ஐஸில் அனுப்பு: பஞ்சு உள்ளது, அதே தொட்டியில் பஞ்சு இல்லாதது, பக்கத்துத் தொட்டியில் உள்ளது.

தங்கை


டிசம்பர் 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அண்ணி முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறத்தான் செய்கிறாள். நீ சொன்னால் கேட்பாள் என்று நினைத்தாயா?

உப்பு போட்டேன். சாவு குறைந்திருக்கிறது. வாரத்துக்கு ஐந்தாறு போனது இப்போது ஒன்று. இப்போதைக்கு இருபத்திரண்டு மீன் மிச்சம். இரத்தக் குழாய்கள் இந்தப் பார்சலில் உள்ளன.

முந்தின வாரம் எதுவும் நடக்கவில்லை. வழக்கம்போலத் தீனி போட்டோம், அவ்வளவுதான். அக்கா மூன்று நாள் மகளின் பிரசவத்துக்கு லீவு போட்டிருந்தாங்க. (உனக்காக மரியாதை போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.) திரும்பி வந்த மறுநாள் பஞ்சு தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"வலையை முக்கினீங்களா?"

"முக்கினேன் தம்பி."

"யாரு பாத்தா?"

"பதினாலு வருஷமா யாரு பாத்தாங்க? இன்னிக்கு மட்டும் சாட்சி கேக்கறீங்க."

இப்படி எதிர்த்துப் பேசினால் மேற்பார்வை பார்க்கிறவன் என்ன செய்வான், நீயே சொல். நீ அங்கே கண்ணாடிக் குழாய்க்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசலாம். இங்கே செத்த மீனைத் தினமும் அள்ளுகிறவன் நான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், செரிக்கத்தான் இல்லை.

முடிவுகள் வந்துவிட்டன. பஞ்சு பிடித்த மீனின் இரத்தத்தில் உப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. புரதமும் குறைவு. இது எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்தியது இரண்டாவது வகை. அதே தொட்டியில் பஞ்சு இல்லாத மீனின் உடம்பிலும் கார்டிசால் பக்கத்துத் தொட்டி மீனைப்போல நான்கு மடங்கு. பயத்திலும் நெருக்கடியிலும் நமக்கு ஊறுகிறதே, அதே சுரப்பு. கொஞ்ச நேரம் ஊறினால் தப்பி ஓட உதவும். நாள்கணக்கில் ஊறினால் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும், காயம் ஆறாது, வழவழப்பு மெலியும், பூஞ்சைக்குக் கதவு திறக்கும். பக்கத்தில் மற்ற மீன் சாவதாலும் இது கூடலாம், ஆகவே இதை மட்டும் வைத்து எதையும் சொல்லமாட்டேன்.

ஆனால் இதைச் சொல்வேன். தாய்த்தொட்டியில் வழியும் தண்ணீர்தான் பக்கத்துத் தொட்டிக்குப் போகிறது. வலையும் ஒரே வலை. அண்ணியிடம் கேட்டேன், அங்கே ஒரு மீனுக்குக்கூடப் பஞ்சு இல்லையாம். வலையால் வந்த நோய் ஒரு தொட்டியைத் தேர்ந்தெடுத்துத் தாக்குமா? இதை யோசிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாலே போதும். நீ பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு எழுதவில்லை.

இங்கே நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடிச் சில்லு தயாரித்துத் தருகிறவர் என் மேஜையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க அண்ணன் பண்ணைதானே? ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாருங்களேன்."

"யாரோ ஒருத்தங்க வேலை போகுது சார்."

"அப்ப மூணு வரியா எழுதுங்க."

சிரித்தேன். பிறகு கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அக்கா லீவில் இருந்த அந்த மூன்று நாளும் தாய்த்தொட்டியில் கை வைத்தது யார்? நாள்வாரியாக எழுது. எதுவும் நடக்கவில்லை என்று மறுபடி எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

தங்கை


ஜனவரி 30

அண்ணா,

மூன்று வாரம் ஆயிற்று. நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிறவன்தான் இப்படிப் பேசாமல் இருப்பான்.

நீ டிசம்பரில் அனுப்பிய ஜாடியை நான் திறக்கவே இல்லை. பஞ்சைப் பார்த்ததும் என்ன பூஞ்சை என்று தெரிந்துவிட்டது, இனி மீனில் பார்க்க என்ன இருக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டேன். அது என் சோம்பல். நேற்றுத்தான் எடுத்து, பஞ்சை ஊசியால் ஒதுக்கினேன்.

வலை உரசினால் துடுப்பு ஓரத்திலும் மூக்கிலும் காயம் இருக்கும். இதில் அங்கெல்லாம் ஒன்றுமில்லை. வயிற்றின் ஒரு பக்கம் நான்கு பட்டை, மறுபக்கம் ஒரு பட்டை. யாரோ காய்ந்த கையால் அழுத்திப் பிடித்த இடத்தில் வழவழப்பு உரிந்துபோய், அந்த இடத்தில்தான் பஞ்சு அடர்த்தியாக முளைத்திருக்கிறது. விரலுக்கு விரல். நான்காவது பட்டை நேராக இல்லை, பாதியில் உள்பக்கம் வளைகிறது.

என் இடது கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அளவு பெரிது, வளைவு அதேதான். அப்பாவுக்கு அந்தச் சுண்டுவிரல் இருந்தது. எனக்கு இருக்கிறது. பள்ளியில் நம் இரண்டு பேரையும் 'அரிவாள்' என்று கூப்பிட்டார்களே, நீ ஒருவனை அடித்தாயே, அந்த விரல். அக்காவின் விரல்கள் அளவுகோல் மாதிரி நேரானவை.

அக்கா தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது நீ அந்த மீனைத் தூக்கியிருக்கிறாய். பிறகு முகத்துக்கு நேராக நின்று "யாரு பாத்தா?" என்று கேட்டிருக்கிறாய். மீன் பார்த்தது. எழுதியும் வைத்தது.

ஏன் தூக்கினாய்?


பிப்ரவரி 12

அன்புள்ள வக்கீலுக்கு அண்ணி எழுதுவது.

என் முழங்கால் பரவாயில்லை. நீ மெலிந்துவிட்டாய் என்று உன்னைப் பார்த்துவிட்டு வந்த என் தம்பி சொன்னான். ராத்திரிச் சாப்பாட்டை விடாதே.

உன் கடிதத்தை இவர் மூன்று தடவை படித்தார். அன்றிலிருந்து வீட்டில் இடது கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடுகிறார். பார்க்கச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

"தூக்கினது நான்தான்னு ஒரு வரி எழுதுங்களேன்" என்றேன்.

"எழுதினா ஏன்னு கேப்பா. சொன்னா அவ படிப்பு போயிடும்."

"மீனுக்கும் அவ படிப்புக்கும் என்னங்க சம்பந்தம்?"

எழுந்து போய்விட்டார். சாப்பாடு ஆறிப்போயிற்று.

அவர் மேஜை இழுப்பறையில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. எடுக்கப் போனேன். "அதைத் தொடாதே" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அந்தக் குரலில் அதட்டியதில்லை. எனக்கு உங்கள் இருவர் மேலும் கோபம். என்ன சீட்டு அது?

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணா,

இழுப்பறையில் இருக்கும் சீட்டை அனுப்பு. என் கையெழுத்து என்றால் அது என்னுடையது.

தங்கை


பிப்ரவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது, அதனால் நலம்.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நவம்பரில் நீ அனுப்பியது. 'ஆய்வுக்குத் தாய்மீன் நாற்பதின் எடையும் வெள்ளிக்கிழமைக்குள் தேவை. ஒவ்வொரு தடவையும் முன்னால் நன்றாகத் துடைத்துவிட்டு எடை போடவும். ஈரம் இருந்தால் எடை தப்பாக வரும்.'

துடைத்தேன். துண்டை எடுத்து, ஒவ்வொரு மீனாக, இடது கையால் பிடித்து வலது கையால் துடைத்தேன். மீனைக் காயவிடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படித்தவள் எழுதியிருக்கிறாள், புது முறையாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா லீவு. மயக்க மருந்து எங்கே வைத்திருக்கிறாங்க என்றுகூடத் தெரியவில்லை. நீ வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தாய். ஒரே பிற்பகலில் நாற்பதும் முடித்தேன். பட்டியலும் இத்துடன் இருக்கிறது. அனுப்புவதற்குள் பஞ்சு தெரிந்துவிட்டது, அதனால் அனுப்பவில்லை.

சங்கத்தைக் கேட்காமல் சங்கத்து மீனை உன் ஆய்வுக்கு எடுத்தோம் என்று வெளியே வந்தால் உன் ஆய்வுக்கூடம் உன்னைச் சும்மா விடாது. ஐந்து வருஷப் படிப்பு. வலை என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அக்காவுக்கு வேறு பண்ணையில் வேலை கிடைக்காமலா போகும்.

சீட்டைக் கிழித்துவிடு. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

சீட்டைப் பார்த்தேன். துடைக்கச் சொன்னது தராசுத் தட்டை. ஒரு மீனின் ஈரம் தட்டில் தங்கி அடுத்த மீனின் எடையில் சேரும், அதற்காக. 'தட்டை' என்ற சொல்லை எழுதவில்லை. மூன்று எழுத்து. எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன். பட்டியல் வராதபோது நீ மறந்துவிட்டாய் என்று நினைத்து, வேறு பண்ணையின் கணக்கை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்கவில்லை. முந்தின வாரம் என்ன நடந்தது என்று உன்னை மிரட்டி மிரட்டிக் கேட்டேனே, நடந்தது நான்.

இதற்காக உன்மேல் என் கோபம் குறையும் என்று எதிர்பார்க்காதே, கூடியிருக்கிறது. என் படிப்பு போகக்கூடாது, அதற்கு ஒருவர் வேலை போகலாம். அந்த ஒருவர் அக்கா. இந்த முடிவை நீ யாரைக் கேட்டு எடுத்தாய்? 'எனக்காக' என்று நீ எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் இருக்கிறது. அந்தப் பாசத்தை நான் கேட்கவில்லை. அதைச் சுமக்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நீ திருடிக் கொடுத்த பொருளைப் போல இருக்கிறது.

என் அறிக்கையை நேற்றுச் சங்கத்துக்கு நேராகவே அனுப்பிவிட்டேன். இரத்த முடிவு, மீனின் படம், சீட்டின் நகல், உன் எடைப் பட்டியல், எல்லாம். ஆய்வுக்கூடத்திலும் சொல்லிவிட்டேன். விசாரிக்கும்வரை என் ஆய்வை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சங்கம் கூடும்போது எழுந்து நில்.

தங்கை


மார்ச் 3

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? மகளும் குழந்தையும் நலமா? நான் மேற்பார்வை பார்க்கிறவரின் தங்கை. விடுமுறையில் வந்தால் குஞ்சுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து உங்களிடம் திட்டு வாங்குவேனே, அவள்தான்.

தாய்த்தொட்டி மீன் செத்தது உங்கள் வலையால் இல்லை. நான் எழுதிய ஒரு சீட்டால், அதை என் அண்ணன் படித்த விதத்தால். முழு விவரத்தையும் சங்கத்துக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. டிசம்பரிலிருந்தே உங்களுக்காக அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அண்ணன் செய்தது பெரிய தப்பு. என்னுடையது அதற்கு முந்தின தப்பு. மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


மார்ச் 29

தங்கச்சிக்கு,

மகளும் பேரனும் நல்லா இருக்காங்க. நான் நல்லா இருக்கேனான்னு கேட்டிருந்தீங்க. இப்பத்தான் கேக்கறீங்க.

நானே எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. சங்கம் கூடுச்சு. உங்க அறிக்கையை முழுசா படிச்சாங்க. உங்க அண்ணன் எழுந்து, "துடைச்சது நான்தான். அக்கா வலையை முக்கினாங்க"ன்னார். "அப்ப இந்தச் சீட்டு?"ன்னு தலைவர் கேட்டார். "சீட்டுல தப்பில்லை, படிச்சவன் தப்பு"ன்னார். அப்பவும் உங்களைத்தான் காப்பாத்தினார். எனக்கு வந்த கோவத்துல நானும் எழுந்துட்டேன். "சீட்டும் தப்புதான். எதைத் துடைக்கணும்னு அதுல இல்லை. நாற்பது உசிரைத் தொடச் சொல்லி எழுதறவங்க அதை எழுதணும்"னேன். 

அவருக்கு ஆறு மாசம் மேற்பார்வை கிடையாது. என்னைத் திரும்பச் சேத்துக்கிட்டாங்க. தாய்த்தொட்டி இப்ப என் பொறுப்பு.

வேற பண்ணையில வேலை கிடைக்கும்னு உங்க அண்ணன் நினைச்சாராம். மூணு பண்ணைக்குப் போனேன். ஒரு இடத்துல என்னைப் பார்த்ததும், "பஞ்சக்கா வர்றாங்க, தொட்டியை மூடுங்கடா"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் அட்டைப்பெட்டி ஒட்டற இடத்துல நாளெல்லாம் நின்னுக்கிட்டு வேலை பார்த்தேன். பசை ஒட்டி விரல் தோல் உரிஞ்சு போச்சு.

எனக்காக டிசம்பர்லேர்ந்து சண்டை போட்டதா எழுதியிருந்தீங்க. சங்கத்துல உங்க கடிதங்களையும் உங்க அண்ணன் குடுத்தார், நான் எல்லாத்தையும் படிச்சேன். நல்லாத்தான் சண்டை போட்டிருக்கீங்க. மீன் ரத்தத்தை ஐஸ்ல வச்சு வரவழைச்சுப் பார்த்திருக்கீங்க. செத்த மீன் மேல கையை வச்சுப் பார்த்திருக்கீங்க. அந்த மூணு மாசத்துல எனக்கு ஒரு வரி எழுதி, "அக்கா, என்ன நடந்துச்சு?"ன்னு கேக்கலை. கேட்டிருந்தா முதல் வாரமே சொல்லியிருப்பேன். நான் லீவு முடிஞ்சு வந்தப்ப தொட்டிச் சுவத்துல துண்டு காஞ்சுக்கிட்டிருந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். மீன் வழவழப்பு காஞ்சு விறைப்பா மொறமொறன்னு இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் உங்க அண்ணன்கிட்ட வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் வலையைப் பத்திக் கேட்டார். வேற யாரும் என்கிட்ட எதையும் கேக்கலை.

உங்க படிப்பு நிக்குதுன்னு உங்க அண்ணி சொன்னாங்க. அது எனக்குச் சந்தோசம் இல்லை. ஆனா உங்களுக்குப் பாவம்னும் தோணலை. உள்ளதைச் சொல்றேன்.

மீதி இருபத்தொரு மீன். இந்த வருசம் யாரும் அதுங்களைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். உங்க அண்ணனும் தூரத்துல நின்னுதான் தீனி போடறார். உங்களுக்கு எடை வேணும்னா காத்திருங்க. தோல் தேறட்டும். தேறினதும் நானே மயக்க மருந்து போட்டு, கையை நனைச்சு, எடை எடுத்து எழுதி அனுப்பறேன். சீட்டு அனுப்பறதா இருந்தா என் பேருக்கு அனுப்புங்க. புரியலைன்னா திருப்பிக் கேப்பேன்.

இங்க தண்ணி சில்லுனு இருக்கு. வேலைக்குக் கூப்பிடறாங்க, நிறுத்திக்கறேன்.

அக்கா